துரைக்கு வாசற்படி கற்பித்த நாற்பது நாட்கள்

நாய்க்குட்டிக்கு வீட்டொழுக்கம் கற்பிப்பது ஆசிரியத் தொழிலின் ஒரு கிளை என்று நினைப்பவர்கள், அந்தத் தொழிலில் இருந்ததில்லை அல்லது நாய்க்குட்டியோடு இருந்ததில்லை. நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். மலையாள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள். அவற்றில் பதினான்கு ஆண்டுகள் தலைமையாசிரியை. நாய்க்குட்டியோடு நாற்பது நாட்கள். எது நீண்டது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். கையில் ஈரத் துணியோடு, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் சொந்த வீட்டுக்குள் நடந்து பழகிய வாசகர்களுக்கு இதற்குமேல் முன்னுரை தேவையில்லை.

எழுபதுகளின் நடுவில், நான் ஓய்வு பெற்ற ஆண்டின் ஆனி மாதம் அது. முதல் நாள் எங்கள் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான், நிலக்கடலையையும் பருத்தியையும் தவிர வேறெதிலும் அவசரப்படாத என் கணவர் பழனிச்சாமி, தேவிகுளம் தாலூக்கா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் மகன் நடராசு, பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் சமையலையும் வீட்டையும் தன் கையில் வைத்திருந்து, பின்கட்டு அறையிலேயே தங்கியிருந்த மாராத்தா, மாதச் சாமான்களை இறக்க வந்திருந்த கடைக்காரர் காசிம் பாய். ஆறாவதாக, மகன் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்த, பிறந்து நாற்பத்தைந்து நாளான நாய்க்குட்டி துரை. பெயர் வைத்தவள் என் பேத்தி. மகன் குடும்பம் இருக்கும் மலையில் தேயிலைத் தோட்டத்து அதிகாரிகளைத் துரை என்றுதான் அழைப்பார்கள். எதிரில் நிற்பவரை ஒரு பொருட்டாக மதிக்காத அந்தப் பார்வை குட்டிக்கும் இருந்ததாம்.

"ஓய்வு பெற்றபின் உங்களுக்கும் பொழுது போகோணுமில்லீங்கம்மா" என்றான் மகன். எனக்குப் பொழுது போகவில்லை என்று நான் யாரிடமும் மனுக் கொடுத்ததாக நினைவில்லை. ஆனாலும் அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து, இருபத்தொரு நாளில் இவனை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறேன் என்று அறிவித்தேன். யாரும் கேட்காமல் கொடுத்த வாக்கு. அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

சேர்க்கை

வட்டவடையில் ஒரு பூண்டுக் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவில் பிறந்தவன் துரை. கண் திறந்த நாள் முதல் சாக்கைத் தவிர வேறு தரையைக் கண்டதில்லை என்று மகன் சொன்னான். வறிய குடும்பத்து மாணவியின் பின்னணியைக் கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டேன்: அனுதாபத்துக்கு உரியது, பாடத்துக்குத் தேவையற்றது.

எங்கள் கூடம் சிவப்புக் காவி பூசி மெருகேற்றிய தரை. குனிந்தால் முகம் தெரியும். மாராத்தா அதை வாரம் இருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்ப்பாள். துரையைக் கூடையிலிருந்து இறக்கினோம். அவன் அந்தத் தரையில் இரண்டு முறை வழுக்கினான், ஒவ்வொருவருடைய காலையும் மோந்தான், பிறகு வாசற்படியடியில் கால் துடைக்கப் போட்டிருந்த சாக்கின்மேல் ஏறி நின்று, எவ்வித அவசரமுமின்றி அதை நனைத்தான். மாராத்தாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "ஏனுங்கம்மா, தொரை வந்தொடனே கையெழுத்துப் போட்டுட்டாருங்க. இனி நீங்க பள்ளிக்கொடத்துல சேத்தித்தான் ஆவோணும்."

கால அட்டவணை

பள்ளியில் எனக்குப் பிரிவுபசாரப் பொருளாகக் கிடைத்த கைமணியை எடுத்தேன். கோடு போட்ட நீள நோட்டில் நான்கு பத்திகள் பிரித்தேன்: நேரம், செயல், இடம், குறிப்பு. தூங்கி எழுந்ததும், பால் குடித்ததும், சோறு தின்றதும் என்று நாளைக்கு ஆறு வேளை. ஒவ்வொரு வேளையும் துரையைத் தூக்கிக்கொண்டு களத்தின் மூலையிலிருந்த முருங்கை மரத்தடிக்குப் போய், மணியை இரண்டு முறை அடித்துவிட்டுக் காத்திருப்பேன். பழக்கமே ஒழுக்கம் என்பது என் கொள்கை. இரண்டாயிரம் பெண்களிடம் அது பலித்திருக்கிறது.

துரை மணியோசையை மரியாதையாகக் கேட்டான். பிறகு கோழியைத் துரத்தினான், உதிர்ந்த முருங்கைப் பூவைத் தின்று துப்பினான், என் புடவைக் கரையைக் கடித்தான். கால் மணி நேரம் இப்படி. சரி, இவனுக்கு இப்போது தேவையில்லை என்று முடிவு செய்து நான் திரும்பினால், எனக்கு முன்னால் ஓடிவந்து படியேறி, வாசற்படிச் சாக்கின்மேல் நின்று, என் முகத்தைப் பார்த்தபடியே காரியத்தை முடிப்பான். முதல் வாரத்தில் பதினாறு முறை இது நடந்தது. சாய்வு நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் சொன்னார்: "கிளாசுல வேடிக்கை பாத்துப்போட்டு, ஊட்டுக்கு வந்து கணக்குப் போடற புள்ளையாட்ட இருக்குது."

பூஜை அறை

என் கணவரின் கேலிக்குத் தண்டனை தாமதமின்றி வந்தது. முழங்கால் வலிக்காக ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் அவர் பூஜை செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தீபாராதனைக்கு மணியை எடுத்து அடித்தார். துரை உள்ளே ஓடினான். பின்புறமாகச் சென்று சாக்கின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்தான். வேட்டி நனைந்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

நான் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தேன். காரணங்களைக் கண்டுபிடிக்க நான் என்றுமே நேரம் எடுத்துக்கொண்டதில்லை. மணி அடித்தால் இன்னது செய்ய வேண்டும் என்பதைத் துரை கற்றுக்கொண்டுவிட்டான். எங்கே என்பதை மட்டும் கற்கவில்லை. ஆகவே குற்றவாளி மணி. கைமணி அலமாரிக்குள் போயிற்று. பூஜை மணியையும் எட்டு நாள் தொடக்கூடாது என்று தடை விதித்தேன். எட்டு நாளும் எங்கள் வீட்டுத் தெய்வங்கள் ஓசையின்றிக் கற்பூரம் பெற்றுக்கொண்டன. துரையின் நடத்தையில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்பதாம் நாள் கணவர் கேட்டார்: "சாமிக்கு லீவு உட்டுப் பாத்தாச்சு. நாய்க்கு எப்ப உடப்போற?"

நிபுணர் ஆலோசனை

உடல் கோளாறாக இருக்கலாம் என்று மிருகாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் என் மடியில் இருந்தான். ஒரு துளி சிந்தவில்லை. ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் அரைமணி நேரம் காத்திருந்தோம். அங்கும் கண்ணியமாக இருந்தான். ஊரார் முன்னிலையில் நல்ல பிள்ளை, வீட்டில் வேறு பிள்ளை. இத்தகைய மாணவிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கம்பவுண்டர் மலையாளி, என்னிடம் பேசுவதற்காகத் தமிழைத் தேடித் தேடி எடுப்பவர். துரையின் வயிற்றை அழுத்தினார், காதைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். நான் நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இரண்டு வாரத்துக்கு மேலான விவரம், நேரம் நிமிஷக் கணக்கில். நோட்டை மூடி, இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். "டீச்சரே, இவனுக்கு ஒரு கொழப்பமும் இல்லா. இத்தனையும் எழுதி வச்சிருக்கறது கண்டால், மருந்து ஆருக்கு வேணும்னுதான் எனக்கு சம்சயம்."

காசிம் பாயின் சந்தேகம்

ஈரமான காவித் தரை எப்படி வழுக்கும் என்பதை அந்தத் தரை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். என் கணவர் ஒருமுறை சறுக்கித் தூணைப் பிடித்துத் தப்பினார். அன்றிலிருந்து நான் ஒரு விதி செய்தேன்: அசம்பாவிதம் நடந்த இடத்தைத் துடைத்ததும் அங்கே ஒரு சாக்கு விரிக்கப்பட வேண்டும். மாராத்தா விரித்தாள். ஆனிச் சாரலும் மலைக் கணவாய்க் காற்றும் சேர்ந்த பருவம். துவைத்த சாக்கு கொடியில் பறக்குமே தவிரக் காயாது. அது காயும்வரை வேறொன்று வேண்டும். ஆகவே காசிம் பாய் கடைக்கு ஆள் அனுப்பி, துவரம் பருப்பு வந்த சாக்கு, சர்க்கரை வந்த சாக்கு, எதுவானாலும் கொடுக்கச் சொன்னேன்.

நான்காவது முறை அவரே எடுத்துக்கொண்டு வந்தார். துரை வளையவருவதைப் பார்த்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார்: வாசற்படியில் ஒன்று, கூடத்தில் மூன்று, ஜன்னலடியில் ஒன்று, சமையலறைக் கதவடியில் இரண்டு. தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. நம்ம கடையில சாக்குக்குள்ள சாமானும் உண்டு."

கெடு

இருபத்தொன்றாம் நாள் வந்தது, போயிற்று. என் வாக்கைப் பற்றி வீட்டில் ஒருவரும் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் அதட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை, கிணற்றடியில் சாக்குகளை அடித்துத் துவைத்துவிட்டு மாராத்தா வந்து கூடத்துத் தூணருகே நின்றாள். அவள் நிற்கிற விதத்திலேயே இது சமையல் பற்றிய பேச்சல்ல என்று தெரிந்தது. "தண்ணி சேந்திச் சேந்தித் தோளு உட்டுப்போச்சுங்க. ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாக்கறனுங்க. அதுக்குள்ள தொரை வெளிய போயிப் பழகுனாச் செரி. இல்லாட்டி நா பொள்ளாச்சியில என்ற மக ஊட்டுக்குப் போயர்றனுங்க. அவளும் வரச்சொல்லிக் கூப்பட்டுட்டேதான் இருக்கறா" என்றாள்.

மாராத்தா போனால் என்ன ஆகும் என்பதை நான் ஒரு நொடியில் கணக்கிட்டேன். அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அது சிறிய விஷயம், தேடினால் கிடைக்கும். பள்ளி இருந்தவரை மாலையில், ஓய்வுக்குப் பின் பிற்பகலில், ஒவ்வொரு நாளும் நான் செய்தித்தாளை உரக்க வாசிப்பேன். எழுத்தறியாத மாராத்தா நிலக்கடலை உரித்துக்கொண்டே கேட்பாள், மந்திரிமார் ஒவ்வொருவரைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வாள். பத்தொன்பது ஆண்டுகள் ஒருநாளும் தவறியதில்லை. அவளுடைய அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை சரியாக இருந்தன. போகாதே என்பது ஒரே ஒரு சொல். பிறருக்கு இலக்கணம் கற்பித்த எனக்கு அந்த ஒரு வினைமுற்று வாயில் வரவில்லை. "உன் இஷ்டம்" என்றேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இஷ்டமுங்களா? செரிங்க. பத்தொம்பது வருசத்துல இன்னிக்குத்தானுங்க என்ற இஷ்டத்தக் கேட்டிருக்கறீங்க."

பழைய மாணவி

ஆடி பிறந்தது. நான் முறைகளைக் கடுமையாக்கினேன். ஆறு வேளையை எட்டாக்கினேன். வேளை வருமுன் கதவைத் திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டேன்; அடக்கக் கற்றவனே ஒழுங்கைக் கற்றவன். அந்த வாரத்தில் என் பழைய மாணவி வசந்தா தங்கையின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். பக்கத்திலிருக்கும் சித்தூரில் ஆசிரியையாக இருந்தாள். எங்கள் பள்ளியின் தரத்துக்கு உதாரணமாக நான் பலரிடம் சொல்லும் பெயர்களில் ஒன்று.

காபி குடித்துக்கொண்டிருந்தோம். துரை முனகினான், கதவருகே போனான், திரும்பினான், மறுபடி போனான். "டீச்சர், அதுக்கு வெளிய போகணும்போல" என்றாள் வசந்தா. கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது" என்றேன். துரைக்கு அவ்வளவு நேரம் இல்லை. வசந்தாவின் நாற்காலிக்கு அடியிலிருந்த சாக்குக்கு வந்து சேர்ந்தான். அவள் புடவையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் கோபமில்லை, ஏதோ பழைய கணக்கு நேரான நிம்மதிதான் இருந்தது. "ஏழாங் கிளாசுல நானும் இப்படித்தான் கை தூக்கினேன் டீச்சர். மணி அடிக்கட்டும், உட்காருன்னு சொன்னீங்க."

நோட்டு வாசிப்பு

ஆடிப் பதினேழு. பொள்ளாச்சி பஸ் பழுதாகிச் செய்தித்தாள் வரவில்லை. பிற்பகலில் மாராத்தா வழக்கம்போலக் கடலை முறத்தோடு உட்கார்ந்தாள். நானும் வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாசிக்க ஒன்றுமில்லை. அவள் ஊருக்கு எடுத்துப்போகும் சணல் பை துவைத்துக் காய்ந்து பின்கட்டுக் கொடியில் தொங்குவது எனக்குத் தெரிந்தது. நான் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. "பேப்பரு இல்லாட்டி அந்த நோட்டையாச்சும் படீங்க. நாயப் பத்தி இத்தன நாளா என்னதான் எழுதறீங்கன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றாள்.

வாசித்தேன். "காலை ஆறு இருபது, வாசற்படி. எட்டு ஐந்து, பூஜை அறை. பத்து நாற்பது, சமையலறைக் கதவடி. மதியம் ஒன்று பத்து, ஜன்னலடி..." இரண்டு பக்கம் போனபோது கடலை உடையும் சத்தம் நின்றது. "சித்த இருங்க. நேரத்த உட்டுப்போட்டு எடத்த மட்டும் மறுக்காப் படீங்க" என்றாள். எனக்கு யாரும் இப்படி உத்தரவிட்டதில்லை. படித்தேன். "அத்தன எடமும் நா சாக்குப் போட்ட எடமுங்க" என்றாள் மாராத்தா.

நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வீட்டைச் சுற்றினோம். பதினொரு சாக்குகள். வட்டவடைப் பூண்டுக் கிடங்கில் சாக்கின்மேல் பிறந்து, சாக்கின்மேல் எல்லாம் செய்து பழகியவன், இங்கும் சாக்கைத் தேடிப் போய்த்தான் செய்திருக்கிறான். வெறுந்தரையில் ஒருநாளும் செய்ததில்லை. கூடத்தில் தரை வழுக்கியதெல்லாம் சாக்கிலிருந்து வழிந்ததுதான். முதல் நாளே மகன் சொன்னதை நான் பாடத்துக்குத் தேவையற்றது என்று ஒதுக்கினேன். துரை நனைத்த இடத்திலும் ஈரம் வழிந்த அக்கம்பக்கத்திலும் நான் சாக்கு விரிக்கச் சொன்னேன், மாராத்தா விரித்தாள். மணி நிரபராதி. யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் ஒரு கணம் தயக்கம் இருந்தது. மாராத்தா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க நேரத்த எழுதுனீங்க, நா சாக்க விரிச்சேன். ரண்டு பேருஞ் சேந்து தொரைக்குப் பதினோரு கக்கூசு கட்டிக் குடுத்திருக்கறமுங்க."

ஆடிப் பதினெட்டு

அன்று மாலையே பத்துச் சாக்குகளைச் சுருட்டி மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டோம். பதினொன்றாவதை முருங்கை மரத்தடியில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தோம். துரையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மோந்து பார்த்தான், அன்றைக்கு அவ்வளவுதான். மாராத்தாவின் கெடுவைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை. அவள் சொன்ன சொல் மாறமாட்டாள். என்னைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

காலை எட்டரைக்குப் பொள்ளாச்சி பஸ். நோம்பிப் பண்டிகைக்காக மகன் வந்திருந்தான். காசிம் பாய் கேட்டருகே சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். கணவர் சாய்வு நாற்காலியில். முதல் நாள் இருந்த அத்தனை பேரும் இருந்தோம். மாராத்தா எட்டு மணிக்கே சித்திரான்னங்களைச் செய்து மூடி வைத்துவிட்டு, தலைவாரி, நல்ல புடவை உடுத்தி, சணல் பையோடு கூடத்துக்கு வந்தாள். பையைத் தரையில் வைத்தாள். "அப்ப..." என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தேன். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

அந்நேரம் துரை கூடையிலிருந்து எழுந்தான். முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தான். வாசற்படிக்குப் போனான், சாக்கு இல்லை. ஜன்னலடிக்குப் போனான், இல்லை. சமையலறைக் கதவடிக்குப் போனான், இல்லை. பிறகு கூடத்தின் நடுவில், அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே சணலைக் கண்டான். மாராத்தாவின் பை. ஒருமுறை சுற்றினான். இரண்டாவது முறை சுற்றத் தொடங்கினான். இன்னும் அரைநிமிஷம் அவள் சும்மா நின்றிருந்தால் போதும். அவள் சொன்னபடி கிளம்புவதற்கான காரணம் அவள் பையிலேயே நனைந்து கிடைத்திருக்கும்.

மாராத்தா குனிந்து பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஏன் தூக்கினாள் என்று நான் கேட்கவில்லை. புடவைகள் நனைந்துவிடும் என்று அவளும் சொல்லவில்லை. துரை அவளை அண்ணாந்து பார்த்தான். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. ஒருமுறை, மறுமுறை, பிறகு அது நகர்ந்துபோகும் சத்தம். மாராத்தா அந்தத் திசையில் திரும்பவேயில்லை. என்னைத்தான் பார்த்தாள். "ஏனுங்கம்மா, இன்னிக்காச்சும் பேப்பரு வருமுங்களா?"

முப்பத்தொரு ஆண்டுகளில் என்னிடம் படித்துத் தேறியவர்கள் எல்லோரும் போகும்போது ஒரு வணக்கமாவது சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் வாசற்படி இறங்கி முருங்கை மரத்தை நோக்கி வெளியே போனவன் துரை ஒருவன்தான்.